1.3 லிட்டர் டீசலுக்குப் பெரிய டர்போ: ஏற்காட்டுப் பாதைக்குச் சரிப்படுமா?

புகைக்காற்றால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவிதான் டர்போ. சேலம் ஒர்க்‌ஷாப்களில் கேட்டால் மாட்டித் தரும் பெரிய டர்போ, 1,248 சிசி டீசல் காருக்குத் தேவைதானா? தருமபுரி நெடுஞ்சாலையில் 2,500 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு எஞ்சின் சுழலும் சுற்றுகள்) மேல் இழுவை அருமை. ஏற்காடு ஏறும்போதுதான் குறை தெரியும். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி 1,500 ஆர்பிஎம்முக்கு இறங்கிவிடும். அந்தச் சொற்பப் புகைக்காற்றில் பெரிய டர்போவின் கனமான சுழல்சக்கரம் சட்டென்று வேகமெடுக்காது. பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) வருவதற்குள் கரும்புகை, அடுத்து கியர் குறைப்பு.

பெரிய டர்போவுக்கு ஒரு நியாயமும் உண்டு. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. எஞ்சினுக்குள் 2 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய கடல்மட்டக் காற்றழுத்தம்) மொத்த அழுத்தம் வேண்டுமென்றால், சேலத்தில் காற்றை 2 மடங்கு அழுத்தினால் போதும், ஏற்காட்டில் கிட்டத்தட்ட 2.4 மடங்கு. சின்ன டர்போவில் பூஸ்ட்டைக் கூட்டி ட்யூன் செய்தால் அது மலைமேல் எல்லை மீறிச் சுழன்று பேரிங்கைத் தின்னும்.

ஆகவே மலைக்குப் போகிறவர்களுக்கு, திசை மாறும் இதழ்களால் புகைக்காற்றின் வழியைக் குறைந்த வேகத்தில் சுருக்கி, அதிக வேகத்தில் விரிக்கும் விஜிடி வகை டர்போவே சிறந்தது. எஞ்சினின் கம்ப்யூட்டர் அதை இயக்கத் தெரிந்ததாக இருக்க வேண்டும்.

எதை மாட்டினாலும் டர்போவுக்கு ஆயில் வரும் குழாயைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். அந்த இணைப்பில் சிலிக்கான் பசை கூடவே கூடாது, பிய்ந்து துளையை அடைக்கும். டர்போவில் ஆயில் ஊற்றி, டீசலை நிறுத்திவைத்து, ஆயில் விளக்கு அணையும்வரை செல்ஃப் அடித்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். இதைத் தவிர்த்தால் புது டர்போ சில நிமிடங்களிலேயே போய்விடும்.