ஆர்டி 350 கார்ப் பேலன்ஸ் செய்யக் கொடுக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

ஈரோடு, திருப்பூர், கோவை பக்கம் இன்னும் ராஜ்தூத் ஆர்டி 350 வைத்திருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இந்த இரண்டு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் பைக்கில் சிலிண்டருக்கு ஒரு கார்ப், அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டர். இரண்டும் ஒரே அளவில் திறக்கும்படி செட் செய்வதுதான் பேலன்ஸ். என் வண்டி 1986 மாடல், எங்கப்பா ஓட்டியது. போன மாதம் கோவையில் ஒரு பட்டறைக்குக் கொடுத்து வலது பக்க பிஸ்டன் சீஸ் ஆகி (சிலிண்டருக்குள் இறுகிச் சிக்கி) வந்து நிற்கிறேன், பணம் போனது ஒரு பக்கம், ஒரிஜினல் மிக்குனி கம்பெனி கார்ப் ஒன்றும் போய்விட்டது. பட்டறை பெயரைப் போடவில்லை. கையில் பில் இல்லாமல் பெயரைப் போட்டால் எனக்குத்தான் சிக்கல்.

பிரச்சினை சின்னதாகத்தான் ஆரம்பித்தது. இடது பக்க பிளக் எப்போது கழற்றினாலும் கறுப்பாக, ஈரமாக இருந்தது, ஆக்சிலேட்டர் கொடுத்தால் சித்த நேரம் யோசித்துவிட்டுத்தான் வண்டி இழுக்கும். ஈரோட்டில் எங்களுக்கு வழக்கமாகப் பார்க்கும் அண்ணனுக்கு அப்போது கண் ஆபரேஷன். அதனால் பழைய வண்டி வேலைக்குப் பேர்போன இடம் என்று நாலு பேர் சொன்ன பட்டறைக்குக் கொண்டு போனேன். "கார்ப் ரெண்டையும் இறக்கிச் சுத்தம் பண்ணி பேலன்ஸ் போட்டுத் தர்றேனுங்க, மூணு நாள்" என்றார். அட்வான்ஸ் 8,000 கொடுத்தேன். மூன்று நாள் மூன்று வாரமானது, கடைசியில் மொத்தம் 14,500, ஒரு வெள்ளைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். நான் கேட்பதற்கு முன்னாலேயே ஸ்டார்ட் செய்து காட்டினார், "ஏனுங்க, ஸ்லோ கேட்டுப் பாருங்க, கடியாரமாட்ட நிக்குது." ஸ்லோ, அதாவது ஆக்சிலேட்டர் கொடுக்காமல் இன்ஜின் ஓடுவது, உண்மையிலேயே அப்படித்தான் நின்றது. அதில் ஏமாந்துதான் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அவிநாசி தாண்டும் வரை ஒன்றும் தெரியவில்லை. செங்கப்பள்ளி தாண்டி எண்பதில் போய்க்கொண்டிருக்கும்போது, பின்னால் இருந்து யாரோ பிடித்து இழுத்த மாதிரி வேகம் இறங்கியது. கிளட்சைப் பிடித்துவிட்டேன், அதனால் பின் சக்கரம் பூட்டவில்லை. பின்னால் ஒரு லாரி. ஒரு விநாடி தாமதித்திருந்தால் இந்தப் பதிவை எழுத நான் இருந்திருக்க மாட்டேன், இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஒரு குட்டி யானை பிடித்து வண்டியை ஈரோடு கொண்டு போய்ச் சேர்த்தேன்.

அண்ணன் அதற்குள் வேலைக்குத் திரும்பியிருந்தார். ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் ஏர் பில்டர் ரப்பரைக் கழற்றிவிட்டு, "தம்பி, ரெண்டு வாயிலயும் வெரலை வெச்சுக்கோ, நான் மெதுவா முறுக்கறேன்" என்றார். ஆக்சிலேட்டர் முறுக்கினால் கார்ப்புக்குள் மேலேறி வழிவிடும் அடைப்புதான் ஸ்லைடு. வலது ஸ்லைடு ஏற ஆரம்பித்துக் கிட்டத்தட்ட இரண்டு மில்லி மேலே போன பிறகுதான் இடது ஸ்லைடு அசைந்தது. அப்புறம் கைப்பிடியை முறுக்கிச் சட்டென்று விட்டார், ஸ்லைடு விழும் சத்தம் "டக்-டக்" என்று இரண்டாகக் கேட்டது. சரியாக இருந்தால் ஒரே "டக்" தான் கேட்க வேண்டும்.

அப்படியானால் ஸ்லோ எப்படி அவ்வளவு நன்றாக நின்றது? இதுதான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய இடம். ஸ்லோவில் ஸ்லைடைத் தாங்கிப் பிடிப்பது கேபிள் இல்லை, கார்ப் பக்கவாட்டில் இருக்கும் ஸ்க்ரூ. ஒவ்வொரு கார்ப்புக்கும் தனி ஸ்க்ரூ. அதைத் திருகி இரண்டையும் சமமாக நிற்க வைத்துவிட்டால் காது கேட்பதற்கு இனிமையாக ஓடும், கேபிள் ஒன்றில் தொய்வு இருப்பது வெளியே தெரியவே தெரியாது. ஆக்சிலேட்டர் கொடுத்தவுடன் ஒரு சிலிண்டரே எல்லாச் சுமையையும் இழுக்கும். என் வண்டியில் அது வலது.

அதைவிட மோசமானது ஆயில் பம்ப். டூ-ஸ்ட்ரோக் வண்டியில் பிஸ்டனுக்கு ஆயில் ஊட்டுவது இதுதான். இந்த வண்டியில் கைப்பிடியிலிருந்து வரும் ஒரே கேபிள் நடுவில் பிரிந்து இரண்டு கார்ப்புக்கும் ஆயில் பம்ப்புக்கும் போகிறது. கார்ப் கேபிளைத் தொட்டால் பம்ப் கேபிளையும் மறுபடி செட் செய்தே ஆக வேண்டும். பம்ப் சக்கரத்துக் குறி அதிலுள்ள சின்னக் கம்பி பின்னுக்கு நேராக வருகிறதா என்று மூடியைத் திறந்து பார்க்க ஐந்து நிமிடம் போதும். அந்த மூடி ஸ்க்ரூவில் பழைய அழுக்கு அப்படியே இருந்தது, யாரும் திறக்கவேயில்லை. பம்ப் கேபிள் தொங்கிக்கொண்டிருந்தது, ஆக்சிலேட்டர் ஏற ஏற ஆயில் ஏறவில்லை.

கார்ப்பை இறக்கியபோது மீதியும் தெரிந்தது. இடது பக்கம் என்னுடையதுதான். வலது பக்கம் இருந்தது டூப்ளிகேட், உடம்பில் மிக்குனி முத்திரை கிடையாது, உள்ளே எண்ணே குத்தாத மெயின் ஜெட், அதாவது பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஓட்டையுள்ள திருகு. ஓட்டை சின்னதாக இருந்தால் பெட்ரோல் குறையும், சூடு ஏறும், ஆயிலும் குறைவு என்றால் பிஸ்டன் எத்தனை நேரம் தாங்கும்?

பட்டறைக்காரருக்குப் போன் செய்தேன். "பழைய வண்டிங்க, சீஸ் ஆறது சகஜமுங்க, நீங்க எதுக்கு அவ்வளவு இழுத்தீங்க" என்றார். கார்ப்பைப் பற்றிக் கேட்டதும் நீங்கள் கொண்டு வந்ததே அதுதான் என்று முடித்துவிட்டார். கொடுக்கும்போது நான் ஒரு போட்டோ எடுக்கவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், 5 லட்சம் வரை புகார்க் கட்டணம்கூட இல்லை, ஆனால் அந்த வெள்ளைச் சீட்டில் கடைப் பெயரே கிடையாது.

இப்போது இரண்டு சிலிண்டரையும் சேர்த்து ரீபோர், அதாவது உள்சுவரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போடுவது. ஏற்கெனவே 0.50 மில்லி ஓவர்சைஸ், இனி 0.75. அதற்கு மேல் 1.00 ஒன்றுதான் மீதி. எனக்கு வெசனம் இதில்தான். பணத்தை மறுபடி சம்பாதிக்கலாம், அப்பா நாற்பது வருஷமாகக் காப்பாற்றி வைத்த சிலிண்டர் போரில் ஒரு சைஸ் மூன்று வாரத்தில் போய்விட்டது.

அதனால் தயவுசெய்து, கார்ப்பைக் கொடுக்குமுன் அதன் முத்திரை, உள்ளே உள்ள ஜெட் எண் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். கார்ப்பைத் தொடுவதற்கு முன் இரண்டு பாயிண்டின் டைமிங்கையும் (பிளக்கில் பொறி விழும் நேரத்தை) பார்க்கச் சொல்லுங்கள், டைமிங் தப்பாக இருந்தால் கார்ப் எத்தனை தரம் செட் செய்தாலும் நிற்காது. ஸ்லோவில் காற்றின் அளவைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூவை எத்தனை சுற்றில் வைத்தார் என்று கேளுங்கள். மிக்குனியில் ஒன்றரைச் சுற்றில் ஆரம்பிப்பது வழக்கம், இரண்டு பக்கமும் ரொம்ப வித்தியாசம் என்றால் ஏதோ மறைக்கப்படுகிறது. ஸ்லோ கேட்டுவிட்டுப் பணம் கொடுக்காதீர்கள், ஸ்லைடில் விரல் வைத்துப் பாருங்கள், பம்ப் மூடியை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். முதல் டேங்க் பெட்ரோலில் கொஞ்சம் 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் கலந்துவிடுங்கள், புகை வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

இன்னொன்று. என் வலது கார்ப்பின் மேல் மூடிக்குக் கீழே, அப்பா பஞ்ச் வைத்துத் தட்டிய மூன்று புள்ளிகள் வரிசையாக இருக்கும். யாருக்காவது விற்பனைக்கு வந்தால், வாங்கிவிட்டிருந்தாலும் பரவாயில்லை, ஒரு வார்த்தை சொல்லுங்கள். கொடுத்த விலையைக் கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.