டிசைனரும் டெவலப்பரும்: மூன்று வேலைமுறைகள், ஓர் ஒப்பீடு

ஒரு தமிழ்ச் செய்திச் செயலியின் முகப்பை ஃபிக்மா என்ற டிசைன் கருவியில் வரைந்து முடித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தலைப்பு இரண்டு வரி, கீழே படம், ஓரத்தில் பகிர்வதற்கு ஒரு பட்டன். பார்க்க நன்றாகவே இருக்கிறது. சரி, தலைப்பு நான்கு வரி ஆனால் என்ன செய்வது? படம் வந்து சேராவிட்டால் அந்த இடம் வெறுமையாகக் கிடக்கலாமா? போனில் எழுத்தின் அளவைக் கூட்டி வைத்திருக்கும் 60 வயதுக்காரருக்கு அந்தப் பகிரும் பட்டன் எங்கே போகும்? வரைந்த படத்தில் இதற்கெல்லாம் பதில் கிடையாது. ஆனால் செயலி வெளியாகும் நாளில் ஏதோ ஒரு பதில் அதற்குள் இருந்தே தீரும். யாரோ ஒருவர் முடிவு செய்திருப்பார். பெரும்பாலும் அது டெவலப்பர்தான்; கேட்க ஆளில்லாத நேரத்தில், தனக்குத் தோன்றியபடி.

இந்த இருவரும் சேர்ந்து வேலை செய்ய இன்று மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. படத்தை முடித்துக் கையில் கொடுப்பது ஒன்று. பட்டன், பெட்டி போன்ற இருவருக்கும் பொதுவான உறுப்புகளைக் கட்டி வைத்து அதிலிருந்து எடுத்துக்கொள்வது இரண்டாவது. பிரவுசரிலேயே சேர்ந்து உட்கார்ந்து செய்வது மூன்றாவது. எது வேகம், எது மலிவு என்று ஒப்பிடுவது எளிது. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: படத்தில் இல்லாத அந்த முடிவுகள் எப்போது வெளியே தெரிகின்றன, அப்போது யார் கையில் இருக்கின்றன?

படத்தைக் கையில் கொடுப்பது

ஃபோட்டோஷாப் ஃபைலைத் துண்டு துண்டாக வெட்டி இணையப் பக்கம் ஆக்கிய காலத்திலிருந்து இருக்கும் வழி இது. 2010-இல் ஸ்கெட்ச் என்ற வரையும் கருவி வந்தது. அது மேக் கணினியில் மட்டும்தான் ஓடும். விண்டோஸ் வைத்திருந்த டெவலப்பரால் ஃபைலைத் திறந்துகூடப் பார்க்க முடியாது. அளவு, நிறம், இடைவெளி எல்லாவற்றையும் பிரவுசரில் எடுத்துக் காட்டும் ஜெப்ளின் போன்ற கருவிகள் அந்தக் குறையை நம்பித்தான் வளர்ந்தன. 2016-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த ஃபிக்மா, வரையும் வேலையையே பிரவுசருக்குள் கொண்டுவந்தது. 2023-இல் அதில் டெவலப்பருக்கென்றே டெவ் மோட் வந்தது: எந்த ஸ்கிரீன் தயார், போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் என்ன மாற்றம் என்றெல்லாம் அதில் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வழியைப் பழைய பஞ்சாங்கம் என்று ஒதுக்குவது நியாயமில்லை. டிசைன் ஒரு நிறுவனம், நிரல் இன்னொரு நிறுவனம், பணம் தருபவர் மூன்றாமவர் என்று இருக்கும்போது ‘இதற்குத்தான் ஒப்புக்கொண்டோம்’ என்று காட்ட ஒரு சாட்சி வேண்டும். ஃப்ரீலான்ஸராக இருப்பவருக்கு அந்த ஃபைல்தான் பாதுகாப்பு.

கோளாறு எங்கே என்றால், கருவி எவ்வளவு நுணுக்கமாக அளந்து காட்டினாலும், வரைந்ததை மட்டும்தான் அளக்க முடியும். தமிழில் வேலை செய்பவர்களுக்கு இது இன்னும் கடுமையாக உறைக்கும். நான் இருந்த ஒரு திட்டத்தில், ஸ்கிரீன் முழுவதையும் ஆங்கில மாதிரி எழுத்துகளை வைத்தே வரைந்து ஒப்புதலும் வாங்கிவிட்டார்கள். தமிழ் உள்ளே வந்ததும் பட்டன்கள் பிதுங்கின. ஆங்கிலத் தலைப்புக்குப் போதுமாக இருந்த 1.2 வரி உயரத்தில், மேல் வரியின் ‘கூ’, ‘மூ’ கீழே இறங்க, கீழ் வரியின் ‘கீ’, ‘மீ’ மேலே ஏற, இரண்டும் ஒன்றோடொன்று முட்டின. ஒப்புதல் ஆகிவிட்டதால் ஃபைலைத் திருத்த டிசைனருக்கு நேரம் ஒதுக்கப்படவில்லை. டெவலப்பர்களே ஆளுக்கொரு பக்கம் எழுத்தைச் சிறிதாக்கிச் சமாளித்தார்கள். விளைவு, ஒரே செயலியில் ஐந்தாறு எழுத்து அளவுகள்.

அதைவிட மோசம், தலைப்பை வெட்டிப் புள்ளி வைக்கும் இடம். ‘நீளமாக இருந்தால் மூன்று புள்ளி’ என்று படத்தில் ஒரு குறிப்பு இருக்கும். டெவலப்பர் ஜாவாஸ்கிரிப்டில் எழுத்தை எண்ணி வெட்டுவார். கணினி எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோட் முறையில் ‘தமிழ்’ என்பது ஐந்து அலகுகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நான்கில் வெட்டினால் ‘தமிழ’ என்று நிற்கும். ‘கொ’வை நடுவில் வெட்டினால் ‘க’ மிஞ்சும். பிழை எதுவும் காட்டாது, சோதனையும் பாஸ் ஆகும், தமிழ் வாசிப்பவர் கண்ணில் மட்டும் குத்தும். எழுத்துகளை வாசகர் பார்க்கும்படி பிரித்துத் தர இன்டில் செக்மென்டர் என்ற வசதி ஜாவாஸ்கிரிப்டிலேயே உண்டு. 2024-இல் ஃபயர்ஃபாக்ஸும் சேர்ந்துகொண்டதோடு முக்கிய பிரவுசர்கள் அனைத்திலும் வந்துவிட்டது. பல நேரம் அதுகூட வேண்டாம், வெட்டும் வேலையை, பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸிடம் விட்டாலே போதும். ஆனால் இந்தப் பேச்சு எழ வேண்டுமே? படத்தைக் கொடுத்துவிட்டு டிசைனர் அடுத்த வேலைக்குப் போய்விட்ட அமைப்பில் அது எழுவதில்லை.

பொதுவான உறுப்புகள்

டிசைன் சிஸ்டம் என்ற இரண்டாவது வழியில் முடிவுகளுக்கு முன்கூட்டியே பெயர் வைத்துவிடுகிறோம். ‘இந்த நீலம்’ என்று நிறக் குறியீட்டை ஒவ்வொரு இடத்திலும் எழுதாமல், ‘முதன்மைச் செயல் நிறம்’ என்று ஒரு டோக்கன், அதாவது பெயர் வைத்த மதிப்பு. டிசைனர் ஃபைலிலும் அதே பெயர், நிரலிலும் அதே பெயர். சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனத்தில் பத்தாண்டுகளுக்கு முன் உருவான யோசனை இது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் குழு ஒன்று இதற்கான பொது ஃபைல் வடிவத்தின் முதல் நிலையான பதிப்பை 2025 அக்டோபரில் வெளியிட்டது. எந்தக் கருவியிலிருந்து எந்தக் கருவிக்கு மாறினாலும் டோக்கன்கள் கூடவே வரும் என்ற நம்பிக்கைக்கு இப்போதுதான் அடித்தளம் கிடைத்திருக்கிறது.

இதன் நிரல் பக்கத்தில் ஸ்டோரிபுக்கைச் சொல்லாமல் போக முடியாது. ஒரு பட்டனின் எல்லா நிலைகளையும், அதாவது சாதாரணமாக, அழுத்தும்போது, முடக்கப்பட்டு, காத்திருக்கும்போது என்று தனித்தனியாக நிறுத்திப் பார்க்க உதவும் கருவி. 2016-இல் இதைத் தொடங்கியது இலங்கையின் கடிரா நிறுவனம். அருணோத சுசிரிபால அதன் நிறுவனர். கடிரா மூடப்பட்ட பிறகும் தன்னார்வலர்கள் சேர்ந்து கருவியைக் காப்பாற்றினார்கள். இன்று உலகம் முழுக்க டிசைனரும் டெவலப்பரும் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துப் பேசும் இடமாக அது இருக்கிறது. நம் பக்கத்து மண்ணில் பிறந்த கருவி என்பது பலருக்குத் தெரியாது.

முதல் வழியில் எழாத பேச்சு இங்கே எழுந்தே ஆக வேண்டும். ஓர் உறுப்பை நூலகத்தில், அதாவது பொதுத் தொகுப்பில், சேர்க்க வேண்டும் என்றால் அதன் வெற்று நிலை, பிழை நிலை, மிக நீளமான வாசகம் எல்லாவற்றையும் யாராவது கேட்டே தீர்வார். ஸ்டோரிபுக்கில் ‘நீளமான தமிழ்த் தலைப்பு’ என்று ஒரு நிலையைச் சேர்த்துவிட்டால், அதன் பிறகு யார் எதை மாற்றினாலும் அது கண்ணில் படும். எனக்கு இந்த வழியில் மிகவும் பிடித்தது இதுதான்.

விலையும் உண்டு. ஃபிக்மாவில் ஒரு நூலகம், நிரலில் ஒரு நூலகம் என்று இரண்டு இருக்கும்; பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் ஆறு மாதத்தில் இரண்டும் வேறு வேறு ஆகிவிடும். ஃபிக்மா கொண்டுவந்த கோட் கனெக்ட் போன்ற வசதிகள் வரைந்த உறுப்பையும் நிரலில் உள்ள உறுப்பையும் இணைத்துக் காட்டும், ஆனால் எது சரி என்று தீர்மானிக்காது. மூன்று பேர் உள்ள குழு, ஒரே ஒரு செயலி, அதுவும் இன்னும் பயனாளர்களைத் தேடிக்கொண்டிருக்கும் செயலி என்றால், முழு டிசைன் சிஸ்டம் கட்டுவது வீண் சுமை. நிறம், எழுத்தளவு, இடைவெளி இவற்றுக்கு மட்டும் இருபது முப்பது டோக்கன்கள் போதும்.

பிரவுசரில் சேர்ந்து செய்வது

மூன்றாவது வழிக்கு நான் காட்டும் உதாரணம் ஒரு அரசுத் தளம். பிரிட்டன் அரசின் கவ்.யூகே 2012-இல் தொடங்கியது. அங்கே டிசைனர்களுக்கென்றே புரோட்டோடைப் கிட் என்று ஒன்று உண்டு. இணையப் பக்கங்களைக் கட்டும் மொழியான ஹெச்டிஎம்எல்லிலேயே டிசைனர் படிவத்தைக் கட்டி, உண்மையான மனிதர்களின் கையில் கொடுத்துச் சோதிப்பார். வெறும் படத்தில் ‘அடுத்து’ அழுத்தினால் அடுத்த படம் வரும், அவ்வளவுதான். இங்கே தப்பான தேதி கொடுத்தால் பிழைச் செய்தி வரும், கீபோர்டை மட்டும் வைத்து ஓட்டிப் பார்க்கலாம், பார்வையற்றோர் ஸ்கிரீன் ரீடரில் கேட்கலாம்.

இப்படி வேலை செய்ததால் அவர்களுக்குக் கிடைத்த முடிவுகள் எந்த வரைபடத்திலும் தெரியாதவை. எண் நிரப்பும் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெச்டிஎம்எல்லில் எண்ணுக்கென்றே ஒரு வகைப் பெட்டி உண்டு. அதைப் போட்டால், மவுஸ் சக்கரத்தைத் தெரியாமல் உருட்டினாலே எண் மாறிவிடக்கூடும். சில உதவிக் கருவிகளோடும் அது ஒத்துப்போகவில்லை. அதனால் 2020-இல் சாதாரண எழுத்துப் பெட்டியையே வைத்து, போனில் எண் கீபோர்டு மட்டும் வரும்படி மாற்றினார்கள். அதேபோல, பட்டனை இரண்டு முறை அழுத்தும் பழக்கம் உள்ளவர்களால் படிவம் இரு தடவை போய்விடாமல் தடுக்க அவர்களுடைய பட்டன் உறுப்பிலேயே ஒரு வசதி இருக்கிறது. இரண்டு மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் ஒரு புள்ளி வித்தியாசம் இருக்காது. மனிதர்களுக்கு வித்தியாசம் பெரிது.

இதிலும் பலவீனம் இருக்கிறது. டிசைனர் ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ் கற்க வேண்டும். எல்லாருக்கும் அதில் ஆர்வம் இருக்காது, இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் கூடாது. சீக்கிரமே நிரலுக்குள் போனால் எளிதில் கட்டக்கூடிய யோசனைகளே மிஞ்சும் என்ற அபாயமும் உண்டு. அதனால் முதல் யோசனைகள் தாளில் பேனாவால்தான் நடக்க வேண்டும். அப்புறம், நிஜம் போலவே ஓடும் மாதிரியைப் பார்த்த மேலாளர் ‘இதையே வெளியிட்டுவிடலாமே’ என்பார். அந்த நிரல் அதற்காக எழுதப்பட்டதல்ல.

கலையும் நிரலும் கலக்கும் கிரியேட்டிவ் டெக்னாலஜி என்ற பக்கம் வந்தால் முதல் வழி கிட்டத்தட்டச் செத்துவிடுகிறது. கேசி ரீஸும் பென் ஃப்ரையும் 2001-இல் எம்ஐடி மீடியா லேபில் தொடங்கிய, கலைஞர்களுக்கான நிரல் கருவி பிராசசிங், பிறகு அதை பிரவுசருக்குக் கொண்டுவர லாரன் லீ மெக்கார்த்தி உருவாக்கிய பி5.ஜேஎஸ், மேடைக் காட்சிகளுக்கும் கண்காட்சிகளுக்கும் பயன்படும் டச் டிசைனர் எல்லாமே வரைவதும் எழுதுவதும் ஒரே செயல் என்ற எண்ணத்தில் பிறந்தவை. பார்வையாளர் நகர்ந்தால் சுவரில் உள்ள ஒளி நகர வேண்டும் என்றால், எதை வரைந்து கையில் கொடுப்பது? அங்கே நன்றாக வேலை செய்யும் ஒரு பழக்கம் இருக்கிறது. டெவலப்பர் முதல் நாளே வேகம், அடர்த்தி, மங்கல் ஆகியவற்றுக்கு ஸ்லைடர்கள் வைத்துத் தந்துவிடுவார், டேட்.ஜியுஐ, ட்வீக்பேன் போன்ற சிறு நூலகங்கள் இதற்கென்றே உள்ளன. டிசைனர் காட்சி நடக்கும் அறையிலேயே நின்று, ப்ரொஜெக்டர் வெளிச்சத்தில், தன் கையால் திருப்பித் திருப்பிப் பார்த்து எண்களைத் தீர்மானிப்பார். ‘இன்னும் கொஞ்சம் மெதுவாக’ என்று சொல்லி நாலு நாள் காத்திருக்க வேண்டாம். சாதாரண இணையத் தளங்களும் இந்தப் பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். அசைவுள்ள எதற்கும் இது பொருந்தும்.

அசைவு என்றதும் நினைவுக்கு வரும் கருவி லாட்டி. ஏர்பிஎன்பி 2017-இல் வெளியிட்டது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அசைவு மென்பொருளில் செய்ததை ஜேசன் என்ற எழுத்து வடிவ ஃபைலாக்கி, போனில் அப்படியே ஓட்டும். நல்ல பாலம்தான், ஆனால் ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் எல்லா விளைவுகளும் அதில் வராது. எது வராது என்பது பல நேரம் போனில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் தெரியும். ரைவ் என்ற கருவி வேறு மாதிரி. பட்டனைத் தொட்டால் இது, வெற்றி பெற்றால் அது என்ற நிலை மாற்றங்களையும் டிசைனரே ஃபைலுக்குள் வைத்துவிடுவார். டெவலப்பர் என்ன நடந்தது என்பதை மட்டும் சொன்னால் போதும். முடிவுகள் யார் கையில் என்ற என் அளவுகோலில் ரைவ் முன்னே நிற்கிறது. ஏற்கெனவே ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் தெரிந்தவர்கள் உள்ள குழுவில், பயனாளரிடம் எதுவும் கேட்காமல் ஓடி முடியும் அசைவுகளுக்கு லாட்டியே போதும்.

எதை எடுப்பது

சிறு குழு, ஒரே கூரையின் கீழ் வேலை என்றால் மூன்றாவது வழி, கூடவே கொஞ்சம் டோக்கன்கள். இரண்டு மூன்று செயலிகள், மாறி மாறி வரும் டெவலப்பர்கள் என்றால் இரண்டாவது. அதை முழு நேரமாகப் பார்த்துக்கொள்ள ஒருவராவது வேண்டும்; அந்த ஆளை ஒதுக்க முடியாவிட்டால் தொடங்கவே வேண்டாம். வேறு வேறு நிறுவனங்கள் என்றால் முதல் வழியைத் தவிர்க்க முடியாது. அப்போது ஒவ்வொரு ஸ்கிரீனோடும் வெற்று நிலை, பிழை நிலை, காத்திருக்கும் நிலை, மிக நீளமான தமிழ் வாசகம் ஆகிய நான்கையும் வரைந்து தருவதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். வெளியீடு வரை டிசைனருக்குச் சில மணி நேரங்களையும் அதிலேயே ஒதுக்குங்கள்.

படத்தைக் கொடுத்தால் ஏஐ நிரல் எழுதித் தருகிறதே என்பார்கள். ஏஐ கருவிகள் டிசைன் ஃபைலை நேரடியாகப் படிக்க உதவும் எம்சிபி சர்வரை 2025-இல் ஃபிக்மாவே கொண்டுவந்தது. நிரல் வேகமாக வருவது உண்மை. படத்தில் இல்லாத முடிவுகளையும் அது நிரப்பித் தரும், அதுவும் யாரிடமும் கேட்காமல். வேலையில் இருக்கும் மனிதராவது ‘இங்கே என்ன வர வேண்டும்?’ என்று ஒரு செய்தி அனுப்புவார். அதனால் ஏஐ வந்தபின் நிலைகளை முன்கூட்டியே பேசி வைப்பது இன்னும் அவசியமாகிறது.

டெவ் மோட் 2024 முதல் கட்டணச் சேவை. காசு யோசிக்கும் குழுக்களுக்கு ஸ்பெயினில் உருவான பென்பாட் என்ற டிசைன் கருவி இருக்கிறது. ஓப்பன் சோர்ஸ், சொந்த சர்வரிலும் நிறுவிக்கொள்ளலாம். அதில் ஃப்ளெக்ஸ், கிரிட் என்ற அடுக்கும் முறைகள் எல்லாம் சிஎஸ்எஸ்ஸில் உள்ளபடியே வேலை செய்வதால், டிசைனர் வரையும்போதே பிரவுசர் யோசிக்கும் விதம் பழகிவிடும். எந்தக் கருவியானாலும் தீர்மானிக்கும் முன், நீங்கள் பயன்படுத்தப்போகும் எழுத்துருவில், அது நோட்டோ சான்ஸ் தமிழோ ஹிந்த் மதுரையோ, ஒரு முழுத் தமிழ்ப் பத்தியை அதில் ஒட்டிப் பாருங்கள். அதே பத்தியை ஒரு விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனிலும் திறந்து, இரண்டையும் பக்கத்தில் வைத்து டிசைனரும் டெவலப்பரும் சேர்ந்து பாருங்கள்.