பாபநாசத்தில் உட்கார்ந்து சினிமா கற்றது: ஒரு வருஷத்துக்குப் பிறகு

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்த இணையவழித் திரைப்படப் பாடத்தில் சேர்ந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கட்டிய பணம் எடிட்டிங் பகுதி ஒன்றுக்கே தகும். ஒரே காட்சியின் ரஷ்ஸை, அதாவது வெட்டாத மூலப் பதிவுகளை, எல்லா மாணவர்களுக்கும் கொடுத்துவிடுகிறார்கள். சாப்பாட்டு மேஜையில் கணவன், மனைவி. பெரிதாக எதுவும் நடக்காது. நான் வெட்டியதில் அது சண்டைக் காட்சியாக வந்தது. இன்னொருவர் மனைவியின் முகத்தையே பிடித்து வைத்திருந்தார், கணவனின் குரல் மட்டும் கேட்கும். அதே டேக், அதே வசனம். பேசுகிறவரைத்தான் காட்டியாக வேண்டும் என்பதில்லை என்று அன்றைக்கு உறைத்தது. எடிட்டிங் மென்பொருளுக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே போதும். 8 ஜிபி மடிக்கணினி 4கே கோப்புகளுக்குத் திணறும், ப்ராக்ஸி (எடிட் செய்ய மட்டும் சின்னதாக்கிய நகல்) போட்டுக்கொண்டால் ஓடும்.

திரைக்கதைப் பகுதி சுமார்தான். எந்தப் புத்தகத்திலும் கிடைக்கிற மூன்று அங்கக் கணக்கு.

ஒளிப்பதிவில்தான் விஷயம் இருக்கிறது. ஆசிரியர் அமெரிக்கர். நொடிக்கு 24 ஃப்ரேமில் எடுத்தால் ஷட்டர் (ஒவ்வொரு ஃப்ரேமிலும் வெளிச்சம் விழும் நேரம்) 1/48 நொடி, விளக்கு மினுங்கினால் 1/60-க்கு மாற்று என்கிறார். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அவருக்கு அது சரி. நமக்கு 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். மலிவான எல்இடி பல்புக்குக் கீழே 1/60 வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். 1/50 வையுங்கள், போய்விடும். ஃபோனில் எடுப்பவர்கள் ஷட்டரை நாமே வைத்துக்கொள்ள விடும் ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்வது நல்லது.

அடுத்தது மாலை வெளிச்சம். 'கோல்டன் ஹவர்', அதாவது சூரியன் மறையும் முன் வரும் பொன் வெளிச்சம், பற்றி ஒரு முழுப் பாடமே உண்டு, நிதானமாக எடுக்கச் சொல்கிறார். நாம் இருப்பதோ ஏறக்குறைய 11 பாகை வட அட்சரேகையில். சூரியன் இங்கே செங்குத்தாக இறங்குவதால் அந்த வெளிச்சம் அவர்கள் ஊரைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிடும். குடமுருட்டிக் கரையில் எடுப்பதென்றால் ஒத்திகையை நாலரைக்கே முடித்துவிட்டு, இடம் முழுவதும் தெரியும் வைட் ஷாட்டை முதலில் எடுத்துவிட வேண்டும். க்ளோஸ்-அப்பை இருட்டிய பிறகும் ஒரு விளக்கை வைத்துச் சமாளிக்கலாம்.

ஆனால் நம்மிடம் முற்றம் இருக்கிறது. உச்சி வெயிலில் அதன் மேல் ஒரு வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டினால் கண்ணுக்குக் கீழே விழும் கறுப்பு நிழல் மறைந்துவிடுகிறது. 1956-ல் வந்த சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' படத்துக்காகக் காசி வீட்டு முற்றத்தை ஸ்டூடியோவில் செட் போட்டபோது, ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணி கட்டி, கீழிருந்து விளக்கை அதில் அடித்துத் திரும்ப விழவைத்தார். அவர் அத்தனை பாடுபட்டு வரவழைத்த வெளிச்சம் எங்கள் அத்தை வீட்டில் காசில்லாமல் விழுகிறது. பாடத்தில் மித்ராவின் பெயரே இல்லை என்பது எனக்குக் குறைதான்.

ஒலிக்கு ஆசிரியர் சொல்வது, ஒவ்வோர் இடத்திலும் வெறும் சூழல் ஒலியை அரை நிமிஷம் தனியாகப் பதிவு செய் என்பது. தங்கமான அறிவுரை. டெல்டாவில் அந்த வெறும் ஒலி என்பது பம்புசெட். ஒரு ஷாட்டில் மோட்டார் ஓடும், அடுத்ததில் நின்றிருக்கும், வெட்டினால் காதில் அறையும். மோட்டார் சத்தத்தைத் தனியாக எடுத்துக் காட்சி முழுவதற்கும் அடியில் போட்டுவிடுகிறேன், வெட்டு தெரிவதில்லை. ஆடி மாத ஒலிபெருக்கிக்கு மட்டும் மருந்து கிடையாது. டப்பிங்தான்.

கன்டின்யூட்டிக்கு, அதாவது ஷாட்டுக்கு ஷாட் எதுவும் மாறாமல் இருக்க, உடை, கடிகாரம், டம்ளரில் தண்ணீர் மட்டம் எல்லாம் பார்க்கச் சொல்கிறார். வயலைப் பற்றி அவருக்கென்ன தெரியும்? குறுவை நெல் ஏறக்குறைய 110 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். நடவு முடிந்த வாரம் பாதி, மாசம் கழித்து மீதி என்று எடுத்தால் ஒரே உரையாடலுக்குள் பயிர் முழங்கால் உயரம் வளர்ந்திருக்கும். வயல் தெரியும் ஷாட்டுகளை எல்லாம் ஒரே நாளில் எடுத்துவிடுவதே வழி. அதற்கு நடிகர்களும் ஒத்துழைக்க வேண்டும். “ஏன்டா தம்பி, இன்னும் எத்தனை தடவைதான் இதே தண்ணியக் குடிக்கிறது?” என்று அத்தை சொம்பைக் கீழே வைத்துவிட்டார்.

பெரிய குறை, ஆசிரியர் யாருடைய பயிற்சிப் படத்தையும் பார்ப்பதில்லை. சக மாணவர்கள் 'அருமை' என்று போட்டுவிட்டுப் போகிறார்கள். காட்சி ஏன் இழுக்கிறது என்று சொல்ல ஆளில்லை. எனக்கு அதைச் சொன்னவர் கும்பகோணத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்கிற ஒரு நண்பர், அதுவும் டீக்கடையில் வைத்து. அவரைப் போல ஒருவர் பக்கத்தில் இருந்தால் சேருங்கள். இல்லாவிட்டால் எடிட்டிங், ஒலி இரண்டையும் மட்டும் பார்க்கக் கொஞ்ச காலத்துக்குக் கட்டினால் போதும்.

இந்த வருஷம் நான் புதுப்பிக்கவில்லை. அந்தப் பணத்தில் ஒரு காலர் மைக்கும், ஆற்றங்கரைக் காற்றுக்கு அதன் மேல் மாட்டும் பஞ்சு உறையும் வாங்கியிருக்கிறேன்.