சுங்குடி விற்பனைக்கு ஹேஷ்டேக் எவ்வளவு தூரம் உதவுகிறது?

மதுரையில் இருந்து கைமுடிச்சுச் சுங்குடிச் சேலைகளை இன்ஸ்டாகிராம் வழியாக விற்கிறேன். தனியாகக் கடை கிடையாது, வீட்டு முன்னறைதான் எல்லாம். விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்குகிற அளவுக்கு வியாபாரம் இன்னும் வளரவில்லை. அதனால் காசில்லாமல் கிடைக்கிற ஹேஷ்டேக்கை, அதாவது பதிவில் # குறியோடு போடுகிற தேடல் சொல்லை, நன்றாகவே பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். புதிதாக ஆர்டர் தருகிறவர்களிடம் "எங்க பக்கத்தை எப்படிப் பார்த்தீங்க?" என்று கேட்டு, சொல்வதை நோட்டில் குறித்து வைப்பேன். இந்த விமர்சனம் அந்த நோட்டை வைத்து எழுதியது.

ஹேஷ்டேக் கூட்டம் சேர்த்துத் தராது. ஒரு பொருளை ஏற்கெனவே தேடிக்கொண்டிருப்பவரை உங்கள் பக்கம் கொண்டுவந்து நிறுத்தும். அந்த ஒரு வேலைக்கு இது அருமையான வசதி.

#சேலை, #புடவை மாதிரியான பொது டேக்குகளால் எனக்குப் பலன் இல்லை. ஆங்கில எழுத்தில் போட்டால் இன்னும் மோசம். அங்கே வந்து விழும் படங்களின் வெள்ளத்தில் நம் பதிவு கொஞ்ச நேரத்தில் அடியில் போய்விடுகிறது. அப்படியும் வருகிற செய்திகளைப் பார்த்தால், ஒன்று மொத்த வியாபாரிகள் "எங்க குரூப்ல சேருங்க" என்பார்கள், இல்லையென்றால் "பணம் கொடுங்க, ஃபாலோயர் ஏத்தித் தர்றோம்" என்பார்கள். சேலை வாங்க வந்தவர் என்று யாரையும் அந்த வரிசையில் நோட்டில் எழுதியதில்லை.

#மதுரைசுங்குடி, #கைமுடிச்சுசுங்குடி இரண்டும் வேறு ரகம். பார்ப்பவர்கள் குறைவு, ஆனால் வருகிறவர் விஷயம் தெரிந்து வருகிறார். சிங்கப்பூரில் இருந்து ஒரு அக்கா அப்படித்தான் வந்தார். விலையைக் கேட்பதற்கு முன்னால், "புள்ளியைக் கிட்டத்துல ஒரு படம் எடுத்து அனுப்பும்மா" என்றார். துணியைச் சிறிதாகக் கிள்ளிப் பிடித்து, நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்கி, காய்ந்தபின் பிரித்தால் வருகிற புள்ளி அது. கட்டின இடம் லேசாகச் சுருங்கிப் புடைத்து நிற்கும். ஒரு புள்ளி போல இன்னொன்று இருக்காது. நூலின் அடியில் சாயம் கசிந்த இடத்தில் ஓரம் மங்கலாகத் தெரியும். அச்சடித்த சேலையில் எல்லாப் புள்ளியும் ஒரே அளவாக இருக்கும், துணி தட்டையாகக் கிடக்கும். அக்கா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அரக்கு நிறத்தில் ஒன்று, பச்சையில் ஒன்று என்று எடுத்துக்கொண்டார். பொது டேக்கில் இப்படி ஒருவர் கிடைக்கமாட்டார்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற குறையும் இங்கேதான் இருக்கிறது. மதுரை சுங்குடிக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சௌராஷ்டிரக் குடும்பங்களின் கைவேலை, தலைமுறை தலைமுறையாக வருவது. சட்டப்படி அந்தப் பெயருக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் ஹேஷ்டேக்கில் யார் வேண்டுமானாலும் எந்தத் துணியின் கீழும் அந்தப் பெயரைப் போடலாம், சரிபார்க்க ஆள் இல்லை. #மதுரைசுங்குடி என்று தேடினால் மெஷினில் அச்சடித்த புள்ளிச் சேலைகள் வரிசையாக நிற்கின்றன, அதுவும் கைமுடிச்சின் விலையில் ஒரு சிறு பங்குக்கு. முடிச்சுப் போடுகிற பெண்களுக்குச் சேரவேண்டிய பெயர் அவர்கள் கைபடாத துணிக்குப் போகிறது. அச்சுச் சேலை விற்பதில் தப்பில்லை, அச்சு என்று சொல்லி விற்கட்டும். இதற்காகவே ஒவ்வொரு பதிவிலும் இரண்டாவது படமாகப் புள்ளியின் கிட்டப்படம் வைக்கிறேன்.

பயன்படுத்துகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். டேக்குக்குள் இடைவெளி விட்டால் அங்கேயே அறுந்துவிடும், நடுவில் கோடு (-) போட்டாலும் அப்படித்தான். அடிக்கோடு (_) போடலாம். சுங்குடி, சுங்கடி என்று மக்கள் இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள், இரண்டையும் போடுங்கள். சித்திரை மாதத்தில் #சித்திரைத்திருவிழா டேக்கோடு சேலைப் படம் போட்டுப் பார்த்ததில் பிரயோஜனம் இல்லை. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வந்தவர் சேலைக்கு ஏன் நிற்கப்போகிறார்? அவர் நேரத்தை வீணாக்குவதும் சரியில்லை. யூடியூபிலும் ஹேஷ்டேக் உண்டு, ஒரு வீடியோவுக்கு 60க்கு மேல் போனால் எல்லாவற்றையும் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுவார்கள். மற்றபடி அங்கே எனக்கு அனுபவம் குறைவு.

'டாப் டேக் பட்டியல்' என்று பணம் வாங்கிக்கொண்டு விற்கிறார்களே, அதைத் தயவுசெய்து வாங்காதீர்கள். எல்லார் கையிலும் இருக்கிற பட்டியல் யாரையும் தனியாகக் காட்டாது. ஒரு பதிவுக்கு 30 டேக் வரை அனுமதித்த காலத்திலேயே, 2021இல், மூன்று முதல் ஐந்து போதும் என்று இன்ஸ்டாகிராமே சொல்லிவிட்டது. 2017 டிசம்பரில் ஒரு ஹேஷ்டேக்கையே ஃபாலோ செய்கிற வசதி வந்தது. சின்ன வியாபாரிகளுக்கு அது நல்ல வழியாக இருந்தது, புதுச் சேலை போட்டதும் விரும்புகிறவர் கண்ணில் தானாகவே படும். 2024 டிசம்பரில் அதையும் எடுத்துவிட்டார்கள். அந்த இழப்பை ஈடுகட்ட இன்னும் எதுவும் வரவில்லை.

இப்போது தேடல் பெட்டியில் தட்டுகிற வார்த்தைகளை, நாம் படத்தின் கீழே எழுதுகிற குறிப்பிலும் இன்ஸ்டாகிராம் தேடுகிறது. அதனால் டேக்கைவிடக் குறிப்பில்தான் நான் அதிக நேரம் செலவழிக்கிறேன். "மதுரை கைமுடிச்சுச் சுங்குடி, பருத்தி, ஐந்தரை மீட்டர், ரவிக்கைத் துணி தனி" என்று எழுதி, பக்கத்திலேயே விலையையும் போட்டுவிடுவேன். "விலைக்கு டிஎம் பண்ணவும்" (தனிச்செய்தி அனுப்பிக் கேட்கவும்) என்று எழுதுகிற தோழிகளிடம் சண்டையே போட்டிருக்கிறேன். விலை கேட்கக் கூச்சப்பட்டுத் திரும்பிப் போகிறவர்கள் நிறையப் பேர். அதற்கு அப்புறம்தான் டேக், அதுவும் நான்கைந்து: ஊர், பொருள், செய்முறை, எழுத்து மாறின இன்னொரு பெயர்.

கைவினை, ஊறுகாய், பனைவெல்லம் என்று ஊர்ப் பெயரோடு தேடப்படுகிற பொருளை வெளியூருக்கு அனுப்புகிறவர்கள் தாராளமாகப் பயன்படுத்துங்கள். தெருமுனை டிபன் கடைக்கும் தையல் கடைக்கும் ஹேஷ்டேக் பெரிதாக உதவாது. அவர்கள் கூகுள் மேப்பில் கடையைச் சேர்த்து, திறக்கும் நேரத்தைச் சரியாகப் போட்டுவைப்பது நல்லது.