ட்ரோன் செட்டா, சைகடெலிக் பேண்டா?
கோலாலம்பூர்ல ஒரே ராத்திரி ட்ரோன் இசை (பறக்கற ட்ரோன் இல்ல, ஒரே சுரத்த நீட்டிப் பிடிக்கற இசை), சைகடெலிக் ராக் ரெண்டும் இருக்குன்னா நான் ட்ரோனுக்குத்தான் முன்னாடியே போய் உக்காருவேன். சைகடெலிக், அதாவது மனச மயக்கற மாதிரி வாசிக்கற ராக், ஈஸி லா, ட்ரம்ஸ் இருக்கு, கிட்டார்ல டிலே, ரிவெர்ப்னு எதிரொலி எஃபெக்ட் எல்லாம் போட்டு சுத்த விடுவாங்க, லேட்டா போனாலும் கால் தானா ஆடும், தைப்பூசத்துல உறுமி மேளம் கேட்டு வளந்தவங்களுக்கு சீக்கிரம் ஒட்டிக்கும்.

ட்ரோன் அப்படியில்ல, ஒரே சுரம் அரை மணி நேரம்கூட நிக்கும், முதல்ல கடுப்பாகும், அப்புறம்தான் அதுக்குள்ள இருக்கற மத்த சத்தமெல்லாம் கேக்க ஆரம்பிக்கும், ரெண்டு சுரம் லேசா விலகுனா அலை அலையா அடிக்கும். நமக்கென்ன புதுசா, நாதஸ்வரத்துக்குப் பின்னாடி விடாம ஊதற ஒத்து, பாட்டுக்குத் தம்புரா. அமெரிக்காவுல லா மான்டே யங்ங்கற இசையமைப்பாளர் 1960லயே ரெண்டே சுரத்த ரொம்ப நேரம் பிடிக்கச் சொல்லி எழுதுனாரு, பின்னாடி பண்டிட் பிரான் நாத்கிட்ட இந்துஸ்தானி கத்துக்கிட்டாரு. எதுக்குப் போனாலும் இயர்ப்ளக் எடுத்துக்குங்க.