பாட்டுலிசம் கிருமி: குரூப் 1-ஆ, குரூப் 2-ஆ, எது மோசம்?

பாட்டுலிசம்னா சாப்பாட்டுல கிருமி விட்ட விஷம் நரம்பைத் தாக்கி உடம்பை முடக்குற நோய். அந்தக் கிருமியை க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம்னு ஒரே பேர்ல சொல்றோம், ஆனா அதுல இருக்குற ரெண்டு முக்கிய குரூப்புக்கும் குணமே வேற.

குரூப் 1 (விஷத்தோட வகையை வச்சு சொன்னா ஏ டைப், அப்புறம் பி, எஃப்ல சிலது) மண்ணுல கிடக்குற கிருமி, அதோட ஸ்போர் (கெட்டியான ஓட்டுக்குள்ள தூங்குற விதை மாதிரி நிலை) சாதாரண கொதிக்கிற தண்ணிக்கெல்லாம் சாகாது, அதனாலதான் கேன் பண்ற கம்பெனிங்க 121 டிகிரில 3 நிமிஷம்னு கணக்கு வச்சிருக்காங்க. அமெரிக்காவுல வீட்ல பீன்ஸ் பாட்டில் போட்டு மாட்டிக்கிறவங்களுக்கு பெரும்பாலும் இதுதான் எமன். ஒரு சின்ன நல்லது, சுமார் 10 டிகிரிக்குக் கீழ வளராது, அதனால ப்ரிட்ஜ் கைகொடுக்கும். புரதத்தை சிதைக்கிறதால மூடி உப்பிக்கலாம், நாத்தமும் வரலாம், ஆனா எப்பவும் வரும்னு நம்பிடாதீங்க.

குரூப் 2 (இ டைப், மீதி பி, எஃப்) வேற கதை, ஸ்போர் அவ்வளவு முரடு இல்ல, 90 டிகிரில 10 நிமிஷம் வச்சாலே பெரும்பாலும் அடங்கிடும், ஆனா 3 டிகிரிலயே வளருது! வேக்கம் பேக் பண்ண புகைபோட்ட மீன் ப்ரிட்ஜ்ல பளபளன்னு இருக்கும், வாசனையும் மாறாது, ஆனா உள்ள விஷம் ஏறியிருக்கலாம். அலாஸ்கால பழங்குடி மக்கள் புளிக்க வைக்கிற மீன், சீல் உணவுகள்ல இந்த இ டைப்தான் அடிக்கடி வருது.

என்னைக் கேட்டா எனக்கு பயம் குரூப் 2 மேலதான், ஏன்னா நாம கண்ண மூடிட்டு நம்புற ப்ரிட்ஜுக்குள்ளயே அது வளருது. கண் இமை தொங்குறது, ரெண்டு ரெண்டா தெரியுறது, பேச்சு குழறறது ரெண்டுலயும் ஒண்ணுதான், பார்த்தா உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.