டெக்ஸாஸில் அக்கவுண்டிங் + கம்ப்யூட்டர் அசோசியேட் டிகிரி: முடித்து வேலைக்குப் போன பிறகு எழுதுவது

கம்யூனிட்டி காலேஜ் என்றால் என்ன, இரண்டு வருடப் படிப்பு ஏன் மலிவு என்பதெல்லாம் தெரிந்தவர்களுக்குத்தான் இது. கணக்கியலும் கம்ப்யூட்டர் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸும் சேர்ந்த இரண்டு வருட அசோசியேட் டிகிரியை டெக்ஸாஸில் முடித்துவிட்டு இப்போது ஒரு சின்ன கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்4 விசாவில் வந்து ஒர்க் பெர்மிட் வாங்கியிருக்கும் தோழி ஒருத்தி, "நானும் இதிலேயே சேர்ந்துவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். அவள் கேட்ட அதே வாரம்தான் நான் விண்ணப்பித்திருந்த பல்கலைக்கழகத்திலிருந்து, நான் படித்த பாடங்களில் எதையெல்லாம் ஏற்பார்கள் என்று சொல்லும் கிரெடிட் மதிப்பீடு வந்தது. அதனால் கோபம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் நாலே எழுத்துதான். டெக்ஸாஸ் கம்யூனிட்டி காலேஜ்களில் பாடக் குறியீடுகள் பொதுவானவை. முன்னால் நான்கு எழுத்து, பின்னால் நான்கு எண். முதல் எண் எந்த வருடத்துப் பாடம் என்று சொல்லும், இரண்டாவது எண் எத்தனை கிரெடிட் என்று சொல்லும். ஏசிசிடி 2301 என்று இருந்தால் ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங், பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்கிற பாடம். ஏசிஎன்டி 1303 என்று இருந்தால் அக்கவுண்டிங் அறிமுகம், வேலைக்குத் தயார் செய்கிற பாடம். இரண்டிலும் பற்று, வரவு, ஜர்னல், லெட்ஜர், ட்ரயல் பேலன்ஸ், அட்ஜஸ்டிங் என்ட்ரி எல்லாம் வரும். ஒன்று ஆற்றைத் தாண்டும், மற்றது இந்தக் கரையிலேயே நின்றுவிடும். கம்ப்யூட்டர் பக்கமும் இதே கதை. ஐடிஎஸ்டபிள்யூ 1304 ஸ்ப்ரெட்ஷீட், ஐடிஎஸ்டபிள்யூ 1307 டேட்டாபேஸ், இரண்டுமே வேலைப் பாடங்கள். பிசிஐஎஸ் (BCIS) 1305, அதாவது பிசினஸ் கம்ப்யூட்டர் பாடம், என்று இருந்தால்தான் பல்கலைக்கழகங்கள் திரும்பிப் பார்க்கும்.

நான் முடித்தது ஏஏஎஸ், அதாவது வேலைக்குத் தயார் செய்கிற அப்ளைடு சயின்ஸ் வகை. மொத்தம் 60 கிரெடிட், அதில் பொதுப்பாடம் 15 இருந்தால் போதும். இங்கே அரசுப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டத்துக்குப் போனால் எல்லோரும் படித்தாக வேண்டிய கோர் பாடங்கள் மட்டும் 42 கிரெடிட் கேட்பார்கள். அமெரிக்க வரலாறு 6, அரசியல் 6 என்று சட்டமே வைத்திருக்கிறது. ஆக, நான் படித்ததில் பெரும்பங்கை ஓரம் ஒதுக்கிவிட்டு, வரலாற்றிலிருந்து தொடங்கச் சொல்கிறது அந்த மதிப்பீட்டுத் தாள்.

இது கல்லூரிக்குத் தெரியாத விஷயமா? சேரும்போதே ஆலோசகரிடம் நேராகக் கேட்டேன், இதை வைத்து மேலே படிக்க முடியுமா என்று. "அது நீங்கள் சேரப்போகும் பல்கலைக்கழகத்தைப் பொறுத்தது" என்றார். ஒவ்வொரு செமஸ்டரும் யார் உட்கார்ந்திருந்தாலும் இதே வாக்கியம்தான் வந்தது. அதில் பொய் இல்லை, ஆனால் கேட்டவருக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஏசிஎன்டி என்று தொடங்கினால் பெரும்பாலும் போகாது, ஏசிசிடி என்று தொடங்கினால் பெரும்பாலும் போகும் என்று ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். வேறு நாட்டில் டிகிரி வாங்கிவிட்டு, இங்கே எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குகிறவர்களுக்கு இரண்டு வருடம் என்பது சின்ன விஷயம் இல்லை.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். ஏசிஎன்டி பாடங்கள் மட்டமானவை அல்ல. ஏசிஎன்டி 1329, பேரோல் என்கிற சம்பளக் கணக்குப் பாடம், நான் படித்ததிலேயே நேரடியாகக் கைகொடுத்த பாடம். சம்பளத்தில் சோஷியல் செக்யூரிட்டிக்கு 6.2 சதவீதம், மெடிகேருக்கு 1.45 சதவீதம், அதே அளவு முதலாளியும் கட்ட வேண்டும், இந்தப் பிடித்தங்களைக் கணக்குக் காட்ட மூன்று மாதத்துக்கு ஒருமுறை 941 படிவம், வருமான வரி எவ்வளவு பிடிப்பது என்று தெரிய புதிதாகச் சேருகிறவரிடம் டபிள்யூ-4 படிவம். டெக்ஸாஸில் மாநில வருமான வரி இல்லாததால் ஒரு தலைவலி குறைவு. வகுப்பில் கையால் போட்டுப் போட்டுப் பழகியதால் முதல் வேலையில் பேரோலைத் தயங்காமல் என்னிடம் கொடுத்தார்கள். குயிக்புக்ஸ் என்ற கணக்கு மென்பொருளை லேபில் டெஸ்க்டாப் வடிவத்தில் சொல்லிக்கொடுத்தார்கள், ஆபீஸில் ஆன்லைன் வடிவம், அது சீக்கிரம் பழகிவிடும். வீட்டுப்பாட இணையதளத்துக்கு ஒவ்வொரு பாடத்துக்கும் தனியாக அக்சஸ் கோட் வாங்க வேண்டியிருந்ததும், ரவுண்டிங்கில் ஒரு சென்ட் மாறினால் மொத்த விடையும் தப்பு என்று காட்டியதும் எரிச்சல்தான், ஆனால் அது எல்லா இடத்திலும் இருப்பது.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் டேட்டாபேஸ் வகுப்பில் கிடைத்தது. பல்கலைக்கழகம் ஏற்காத அதே வகுப்பு. ஒவ்வொரு பதிவிலும் பற்றும் வரவும் சமமாக இருக்க வேண்டும் என்கிற டபுள் என்ட்ரியை அக்கவுண்டிங் வகுப்பில் விதியாக மனப்பாடம் செய்திருந்தேன். இங்கே ஒரு ஜர்னல் பதிவின் தேதியும் விவரமும் ஒரு டேபிளில், அதன் பற்று, வரவுத் தொகைகள் இன்னொரு டேபிளில், பற்றைக் கூட்டி வரவைக் கழித்தால் பூஜ்ஜியம் வராவிட்டால் சேமிக்கவே விடக்கூடாது என்று நாமே கட்டிப்பார்க்கும்போது அந்த விதி ஏன் என்று கண்முன்னால் தெரிந்தது. போஸ்ட் ஆன, அதாவது கணக்கில் ஏறிவிட்ட பதிவை அழிக்கக் கூடாது, எதிர்ப்பதிவுதான் போட வேண்டும் என்று கணக்கு வாத்தியார்கள் ஏன் அடித்துச் சொல்கிறார்கள் என்பதும் அங்கேதான் புரிந்தது. அழித்தால் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற தடமே போய்விடும். வெண்டரை, அதாவது கம்பெனிக்குப் பொருள் விற்கிறவரை, கணக்கில் சேர்க்கிறவரும் அந்த வெண்டருக்குப் பணத்தை அப்ரூவ் செய்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பதை அக்கவுண்டிங் புத்தகம் ஒரு பத்தியில் சொல்லிவிட்டுப் போகும். யூசர் பெர்மிஷன்களை நாமே அமைக்கும்போதுதான் எத்தனை ஓட்டைகளை அடைக்க வேண்டியிருக்கிறது என்று தெரியும்.

வேலையில் சேர்ந்த புதிதில் வெண்டர் பில்களை எக்செலில் இறக்கி, இரண்டு முறை பணம் போனதா என்று மேனேஜர் கண்ணால் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்வாய்ஸ் எண்ணில் இருக்கும் ஹைஃபனையும் இடைவெளியையும் நீக்கிவிட்டு, வெண்டர், தொகை, எண் மூன்றையும் சேர்த்து குரூப் பை, ஹேவிங் கவுண்ட் ஒன்றுக்கு மேல் என்று, அதாவது மூன்றும் ஒன்றாக ஒரு தடவைக்கு மேல் வருவதைக் காட்டு என்று, டேட்டாபேஸ் மொழியான எஸ்கியூஎல்லில் ஒரு க்வெரி எழுதினேன். அவ்வளவுதான், இரட்டைப் பட்டுவாடாக்கள் வரிசையாக வந்து விழுந்தன. ஒரே பில், ஒரு தடவை ஹைஃபனோடு, ஒரு தடவை ஹைஃபன் இல்லாமல். கணக்கு மட்டும் தெரிந்தவருக்கு இதைத் தேட நாள் கணக்கில் ஆகும், கம்ப்யூட்டர் மட்டும் தெரிந்தவருக்கு எதைத் தேடுவது என்றே தெரியாது. அன்றைக்கு இந்தப் படிப்பின் மேல் எனக்கு வந்த மரியாதை இன்றைக்கும் குறையவில்லை, இவ்வளவு கோபத்திலும்.

கோபம் ஏன் ஆறவில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2024 ஜனவரியிலிருந்து சிபிஏ என்ற ஆடிட்டர் தகுதித் தேர்வை மாற்றி அமைத்திருக்கிறார்கள். மூன்று தாள்கள் எல்லோருக்கும் பொது, நான்காவது தாள் நம் விருப்பம். அந்த விருப்பத் தாள்களில் ஒன்று ஐஎஸ்சி, இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் அண்ட் கன்ட்ரோல்ஸ். நான் இரண்டு வருடமாக ஆசைப்பட்டுப் படித்தது எதுவோ அதற்கு நேராக ஒரு வாசல் திறந்திருக்கிறது. ஆனால் அந்த வழியில் சிபிஏ ஆக இளநிலைப் பட்டம் வேண்டும், அதற்கு மேல்நிலை அக்கவுண்டிங் பாடங்கள் வேண்டும், அந்தப் பாடங்களில் உட்கார ஏசிசிடி 2301-உம் 2302-உம் வேண்டும். மறுபடியும் அதே ட்ரயல் பேலன்ஸ். ஏஏஎஸ் கிரெடிட்டை நிறையவே ஏற்றுக்கொள்ளும் பிஏஏஎஸ் என்ற இளநிலைப் பட்டம் சில பல்கலைக்கழகங்களில் இருக்கிறது, அது பலருக்கு நல்ல வழி. கணக்கியலைப் பிரதான பாடமாக எடுக்க நினைக்கிற எனக்கு அது உதவவில்லை.

எனவே தோழிக்கு என் பதில்: வேண்டாம், இந்த ஏஏஎஸ்-இல் சேராதே. இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறாயே என்று கேட்பாள். ஆமாம், இன்றைக்கு இப்படித்தான் சொல்வேன். மேலே படிக்கும் எண்ணம் கடுகளவு இருந்தாலும் பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கென்றே இருக்கும் ட்ரான்ஸ்ஃபர் வகை டிகிரியில் சேர்ந்து ஏசிசிடி 2301, 2302, பிசிஐஎஸ் 1305 மூன்றையும் முதலில் எடு. டேட்டாபேஸையும் பேரோலையும் தனியாக, கூடுதலாக எடுத்துக்கொள், விடாதே. எச்4-இல் இருப்பதால் எஃப்1 மாணவர் விசாவுக்கு மாறாமலே படிக்கலாம். டெக்ஸாஸில் ஒரு வருடம் நிரந்தரமாக வசித்ததற்கான காகிதங்கள் இருந்தால் உள்ளூர்க் கட்டணம் கேட்டுப் பார், அவர்களாக முன்வந்து தரமாட்டார்கள்.

சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டும், வேறு எண்ணம் இல்லை, இதில்தான் சேருவேன் என்றால் அதுவும் சரி. ஆனால் பணம் கட்டும் முன் பாடப் பட்டியலை எடுத்து, பின்னால் போகக்கூடிய பல்கலைக்கழகத்தின் ட்ரான்ஸ்ஃபர் ஆபீஸுக்கே நேராக மெயில் அனுப்பு. எந்தெந்தக் குறியீட்டை எடுத்துக்கொள்வார்கள் என்று அவர்கள் எழுத்தில் பதில் தரட்டும். கல்லூரி ஆலோசகர் வாயால் சொல்வதை மட்டும் நம்பி ரிஜிஸ்டர் செய்யாதே.